குடிக்காத குடும்பம், வைன் ஊர்: பஸ்ஸல்டன் – மார்கரெட் ரிவர் போகலாமா?

காட்பாடி சிக்னல்

வணக்கம் வேலூர் நண்பர்களே. தங்கச்சி பன்பரியில நர்ஸா இருக்கா. மேற்கு ஆஸ்திரேலியா, பெர்த்துக்குத் தெற்கே. அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரி, பசங்க ரெண்டு பேர், எல்லாரையும் இந்த வருஷம் வந்தே ஆகணும்னு கூப்பிடுறா. "பெர்த்தைச் சும்மா பார்த்துட்டு கிளம்பிடலாம்ணா. பஸ்ஸல்டன்ல கடலோரமா வீடு எடுத்துத் தங்கி, அங்கேருந்து மார்கரெட் ரிவர் பக்கம் சுத்தலாம்"னு திட்டம் போட்டு வச்சிருக்கா.

மார்கரெட் ரிவர்னு தேடினா எந்தப் படத்தைப் பார்த்தாலும் கையில வைன் கிளாஸ். எங்க வீட்டுல யாரும் தொடமாட்டோம். அப்பா ஒடுகத்தூர் பக்கம் மா, தென்னைன்னு விவசாயம் பார்க்கிறவர். டாஸ்மாக் இருக்கிற தெருன்னா சுத்திக்கிட்டுப் போவார். மாமியார் காதுல விஷயம் விழுந்ததும், "இவ்ளோ காசு கொட்டி சாராய ஊருக்கா போறீங்க"ன்னு போன்லயே ஆரம்பிச்சுட்டாங்க.

போனவங்க சொல்லுங்க. குடிக்காதவங்களுக்கு அங்கே என்ன இருக்கு? மே லீவுல போறதா, காலாண்டு லீவுலயா? அம்மாவுக்கு முட்டிவலி, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

பாலாத்து மணல்

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு நம்மூருக்கு ஒரு பட்டியலே கீது. அதுல 'வைன் குடிக்காத வைன் டூரு'ன்னு ஒண்ணு சேத்துக்க வேண்டியதுதான். போய்ட்டு வாபா, எதுக்கு யோசிக்கிற.

ஆரணிப் பட்டு

எனக்கு இது புரியவே இல்லை. கடல் வேணும்னா மகாபலிபுரம் இருக்கு, தரங்கம்பாடி இருக்கு. திராட்சைத் தோட்டம் வேணும்னா கம்பம் இருக்கு, நாசிக் இருக்கு. விசா, டிக்கெட், டாலர்னு அலைஞ்சு அதையே அங்கே போய்ப் பார்க்கணுமா?

காட்பாடி சிக்னல்

தங்கச்சி அங்கே இருக்காளே அண்ணா. கம்பத்துல இருந்திருந்தா கம்பத்துக்கே போயிருப்போம் :)

அகழிக்கரை

தம்பி, மகன் பெர்த்தில் இருக்கிறான். அங்கே போய்த் தங்கும்போதெல்லாம் பஸ்ஸல்டனுக்குக் கூட்டிப்போவான். நானும் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான். எனக்கும் முட்டிவலி. அதனால் அம்மாவுக்கு ஒத்துவருமா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: நன்றாக ஒத்துவரும்.

பஸ்ஸல்டனில் கடல் வடக்குப் பார்த்து இருக்கிறது. ஜியோகிராஃப் விரிகுடா என்று பெயர். பெருங்கடல் அலை நேராக வந்து மோதாது. வெகுதூரம் வரைக்கும் முழங்கால் அளவு தண்ணீர்தான், அடியில் வெள்ளை மணல். மகாபலிபுரத்தில் பேரப்பிள்ளைகள் கையை ஒரு நிமிஷம் விடமாட்டேன். இங்கே கரையோரப் புல்வெளியில் உட்கார்ந்தபடியே கண்பார்வையில் விளையாட விட்டேன். கோடைக்காலத்தில் நீந்துகிற இடத்தைச் சுற்றித் தடுப்பு வலையும் கட்டுகிறார்கள், சுறாவுக்காக.

ஊரின் பெருமையே அந்த மர ஜெட்டிதான். 1841 மீட்டர் நீளம். தென் அரைக்கோளத்தில் மரத்தூண்கள் மேல் நிற்கிற மிக நீளமான பாலம் இதுதான். 1865இல் சின்னதாகத் தொடங்கியது. கரையோரத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறையக் குறைய, கப்பல் அணைவதற்காக நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். மரம் ஏற்றுமதிக்காகக் கட்டியது. 1978இல் ஆல்பி என்ற புயல் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. கப்பல் வருவதும் அதற்கு முன்பே நின்றிருந்தது. 'போகட்டும், இடித்துவிடலாம்' என்று விடாமல் ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, அரசாங்கத்திடமும் கேட்டு வாங்கித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அம்மா நடக்க வேண்டாம். ஜெட்டி மேலேயே சின்ன ரயில் ஓடுகிறது. கடைசியில் கடலுக்கடியில் ஒரு காட்சிக்கூடம், 2003இல் திறந்தது. படியிறங்கினால் கடல் மட்டத்துக்கு 8 மீட்டர் கீழே நிற்போம். சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள். என்னமோ மீன் காட்டுவார்கள் என்றுதான் இறங்கினேன். மீனும் இருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டே நின்றது தூண்களைத்தான். மேலே நடக்கும்போது சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்த அதே மரம், கீழே ஒரு விரல் இடம்கூட விடாமல் ஆரஞ்சு, ஊதா, மஞ்சள் என்று மெல்லிய பவளம் மூடிக் கிடந்தது. ஒவ்வொரு கிளையும் நீரோட்டத்துக்குத் தகுந்தபடி சாய்ந்து நிமிர்ந்தது. மற்றவர்கள் மேலே ஏறிப் போய்விட்டார்கள், மகன் வந்து கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன். படி ஏறி இறங்குவது பற்றி மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். காற்று பலமாக அடிக்கிற நாளில் போகாதீர்கள், தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது.

மாமியாரிடம் சொல்லுங்கள், இது எதற்கும் வைன் தேவையில்லை.

மேல்விஷாரம் பாய்

அனைவருக்கும் வணக்கம், ஸலாம். மச்சான் குடும்பம் பெர்த்தில் இருப்பதால் நானும் போயிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் யாரும் தொடுவதில்லை என்று சொல்லவே வேண்டாம்.

காட்பாடி சார், நம்ம ஊர் ஒயின்ஷாப்பை மனதில் வைத்து யோசிக்காதீர்கள். அங்கே தோட்டம், நடுவில் ஒரு கட்டடம், அதில் ருசி பார்க்கிற கவுண்டர், பக்கத்தில் சாப்பாட்டுக்கூடம், வெளியே புல்தரையில் குழந்தைகள் ஓடுகின்றன. தாத்தா பாட்டியோடு குடும்பமாக வருகிறார்கள். 'நாங்கள் குடிப்பதில்லை, தோட்டம் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தோம்' என்று சொன்னால் ஜூஸ், காபி கொண்டுவந்து வைப்பார்கள். யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது அங்கே அன்றாடம் நடப்பதுதான்.

ஆனால் சாப்பாட்டில் கவனம். குழம்பு மாதிரி வருகிற சாஸில் வைன் ஊற்றிச் சமைப்பார்கள். இனிப்பிலும் வரும். ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். மீன் பொரித்த அதே எண்ணெயில்தான் பல கடைகளில் உருளைக்கிழங்கும் பொரிகிறது.

எங்களுக்கு ஹலால் இறைச்சி வேண்டும் என்பதால் பெர்த்திலேயே வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு போனோம். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பஸ்ஸல்டன் கடற்கரைப் பூங்காவில் பொதுமக்கள் சமைத்துக்கொள்ள மின்சாரச் சுடுதட்டு வைத்திருக்கிறார்கள். மச்சான் அங்கேயே கபாப் சுட்டான். பக்கத்துத் தட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தது. மசாலா வாசனைக்கு அவர்கள் பிள்ளைகள் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.

பாலாத்து மணல்

பாய், ஆம்பூர் பிரியாணியை வுட்டு கபாப் சுட்டிங்களா? நியாயமா இது.

மேல்விஷாரம் பாய்

சீரக சம்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டா விமானம் ஏறுவது தம்பி :)

பெர்த் வாழ் குடியாத்தம்

மூட்டைன்னதும் ஞாபகம் வருது, இதை எல்லாரும் கட்டாயம் படிங்க. ஆஸ்திரேலியா ஏர்போர்ட்ல உணவுப் பொருள் சோதனை ரொம்பக் கடுமை. எங்க தெருவுல ஒருத்தங்க மாமியார் ஆற்காட்டிலேருந்து ஆசை ஆசையா மக்கன் பேடா டப்பா கொண்டுவந்தாங்க. மொத்தத்தையும் அங்கேயே வாங்கிக் குப்பையில போட்டுட்டாங்க. காரணம் கோவா. நம்ம நாட்டுல மாடுகளுக்குக் கோமாரி நோய் இருக்கு, ஆஸ்திரேலியாவுல கிடையாது. அதனால பால் சேர்ந்த இனிப்பு எதுவும் உள்ளே விடமாட்டாங்க. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இளவம்பாடி கத்திரிக்காய் எதுவும் கூடாது. பொடி, அப்பளம் மாதிரி எதை எடுத்தாலும் அட்டையில எழுதி அறிவிச்சுடுங்க. அறிவிச்சா அதிகபட்சம் பொருள் போகும். மறைச்சா அபராதம், விசாவுக்கே வம்பு. அப்பா தோட்டத்துச் செருப்பைப் போட்டுக்கிட்டு வரவேண்டாம், அடியில மண் ஒட்டியிருந்தா அதையும் பார்ப்பாங்க.

இப்போ வழி. சென்னையிலேருந்து சிங்கப்பூர் இல்லன்னா கோலாலம்பூர் மாறி பெர்த். சிங்கப்பூர் வரை 4 மணி நேரம், அப்புறம் ஒரு 5 மணி நேரம். நம்மளைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி. பெர்த்திலேருந்து பஸ்ஸல்டன் சுமார் 220 கிலோமீட்டர். உங்க தங்கச்சி இருக்கிற பன்பரி வழியில வருது. அங்கேருந்து 50 கிலோமீட்டர்தான். பஸ்ஸல்டன்லேருந்து மார்கரெட் ரிவர் ஊரும் கிட்டத்தட்ட அதே தூரம்.

ஸ்டியரிங் நம்மூர் மாதிரி வலது பக்கம், ரோட்டுல இடது பக்கம். ஆங்கிலத்துல அச்சான நம்ம லைசென்ஸ் செல்லும். வாடகைக் கார்காரங்க சிலர் சர்வதேச பெர்மிட் கேட்பாங்க, கிளம்பும் முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்கி வச்சுக்குங்க. பொழுது சாயற நேரம், விடிகாலை ரெண்டு நேரமும் ஓட்டாதீங்க. கங்காரு குறுக்கே பாயும். 110ல போற வண்டி, அதுவும் நம்மூர் மாடு மாதிரி நின்னு பார்க்காது.

எங்கே வேணா நிறுத்தி ஊதச் சொல்வாங்க. ரத்தத்துல 0.05 சதவீதம்தான் வரம்பு. உங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது.

வெள்ளைக்கோட்டு

இந்த இழையில் இன்னும் யாரும் சொல்லாத ஒன்றை, நம்ம வேலூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். மார்கரெட் ரிவர் வைன் ஊர் டாக்டர்கள் உண்டாக்கியது.

1965இல் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி திராட்சைக்கு ஏற்ற இடம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய சொந்தத் துறை திராட்சை அல்ல. லூபின் என்ற பயறு வகையைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றியவர். தென்மேற்கு மூலையின் தட்பவெப்பக் கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்து, மறு வருஷமே மார்கரெட் ரிவர் – பஸ்ஸல்டன் பகுதியை மட்டும் தனியாக எடுத்து இன்னொன்று எழுதினார். மழை குளிர்காலத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது, பழம் பழுக்கும் மாதங்களில் வானம் தெளிந்திருக்கிறது, கடல் சூழ்ந்திருப்பதால் பனி உறைவது அரிது, வெயிலும் எல்லை மீறுவதில்லை, வைனுக்குப் பேர்போன பிரான்ஸின் போர்டோ பகுதியோடு வைத்துப் பார்க்கலாம் என்பது அவர் வாதம். அப்போது அங்கே இருந்தது மாட்டுப் பண்ணையும் மரம் வெட்டும் தொழிலும்தான்.

அதைப் படித்துவிட்டுக் காரியத்தில் இறங்கியவர் டாம் கல்லிட்டி, பெர்த்தில் இதய மருத்துவர். 1967இல் வில்யாப்ரப் பகுதியில் 'வாஸ் ஃபீலிக்ஸ்' தோட்டத்தை நட்டார். வாரக்கடைசியில் பெர்த்திலிருந்து காரோட்டி வந்து வேலை பார்த்திருக்கிறார். 1969இல் 'மாஸ் வுட்' தொடங்கிய பில் பேனலும் டாக்டர். அப்புறம் கெவின் கல்லன். இவர்தான் எனக்கு முக்கியம். பஸ்ஸல்டனில் பொதுமருத்துவர், மனைவி டயானா பிசியோதெரபிஸ்ட். அவர்கள் தொடங்கிய 'கல்லன்' தோட்டத்துக்கு இன்று உலகப் பெயர். அதே கெவின் கல்லன்தான் 1966இல் பஸ்ஸல்டன் உடல்நல ஆய்வைத் தொடங்கியவரும். ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, நுரையீரல் என்று பார்த்து, சில வருஷம் கழித்து அதே ஆட்களைத் திரும்பப் பார்த்து, இப்படியே பல தலைமுறைகளாகப் போகிறது. நீண்டகால மக்கள் உடல்நல ஆய்வு என்றால் மருத்துவ இதழ்களில் பஸ்ஸல்டன் பெயர் அடிக்கடி வரும்.

எனக்கு அந்த ஊர்ப் பெயர் அறிமுகமானதே அப்படித்தான். படிக்கிற காலத்தில் ஒரு கட்டுரையில் பார்த்தேன். பிறகு பெர்த்தில் வேலை கிடைத்துப் போனபோது கூட வேலை பார்த்தவர் வாரக்கடைசிக்கு பஸ்ஸல்டன் கிளம்பினார். 'எதற்கு, ஆய்வுக்கா?' என்றேன். 'கடலுக்கு' என்றார், சிரித்துக்கொண்டே.

கிராமம் கிராமமாக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற பொதுச் சுகாதார வேலையைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. ஊரில் பாதிப்பேர் வீட்டில் ஒருவராவது வெள்ளைக்கோட்டோ நர்ஸ் யூனிஃபார்மோ போட்டவர். மாமியாரிடம் 'சாராய ஊர்' இல்லை, 'டாக்டருங்க ஊர்' என்று சொல்லிப் பாருங்கள்.

காட்பாடி சிக்னல்

சார், இதை அப்படியே தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். "இங்கே ஆஸ்பத்திரியில எனக்கே யாரும் சொல்லலை"ன்னா. மாமியார் மட்டும், "டாக்டரே காய்ச்சினா சாராயம் மருந்தாயிடுமா"ன்னு கேக்கறாங்க.

பாலாத்து மணல்

அந்தம்மா கரெக்டாதான் கேக்குது.

ஒன்றரை ஏக்கர்

அணைக்கட்டு பக்கத்துல இருந்து எழுதுறேன். தோட்டக்கலை படிச்சுட்டு அப்பா நிலத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரு பயிற்சிக்காக மேற்கு ஆஸ்திரேலியா போனப்போ மார்கரெட் ரிவர்ல சில தோட்டம் கூட்டிப்போய்க் காட்டினாங்க. காட்பாடி அண்ணா, உங்க அப்பா விவசாயின்னு போட்டிருக்கீங்களே, அவர் கண்ணோட எழுதுறேன்.

கம்பத்துல பன்னீர் திராட்சை பந்தல் மேல படரும், நாம கீழே நின்னு அண்ணாந்து பறிப்போம். அங்கே பந்தல் கிடையாது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வேலி மாதிரி வரிசை வரிசையா நேரா நிக்க வச்சிருக்காங்க. கொத்து இடுப்பு உயரத்துல தொங்குது. வரிசைக்கு நடுவுல டிராக்டர் போகும். நம்மூர் வெயிலுக்குக் கொடி தூங்கவே தூங்காது. கவாத்து பண்ற நேரத்தை மாத்தி மாத்தி வருஷத்துல எப்போ வேணா காய் எடுக்கலாம். அங்கே குளிர்காலத்துல இலை மொத்தமும் உதிர்ந்து, ஜூன் ஜூலையில போனீங்கன்னா காய்ஞ்ச குச்சியைத்தான் பார்ப்பீங்க. ஒரு போகம்தான். பிப்ரவரியிலேருந்து ஏப்ரல் வரைக்கும் அறுவடை.

நான் போனது அறுவடை நேரம். ஷார்டனேன்னு ஒரு வெள்ளைத் திராட்சை. அந்தக் கொத்தைக் கையில குடுத்தாங்க. ஒரே கொத்துல நெல்லிக்காயும் மிளகும் கலந்து கட்டின மாதிரி பெருசும் பொடிசுமா இருந்துச்சு. நம்ம மண்டிக்குக் கொண்டுபோனா 'ரெண்டாந்தரம்'னு ஓரமா வச்சுடுவான். நுண்ணூட்டக் குறையா, போரான் குடுக்கலையான்னு கேட்டேன். இல்லையாம். ஜின்ஜின்னு அந்த ரகமே அப்படித்தான். பூக்கிற நேரம் குளிர்காத்து அடிச்சா பாதிக் காய் விதை பிடிக்காம சின்னதா நின்னுடும். சின்னக் காய்ல சாறு குறைவு, தோல் அதிகம், சுவை கெட்டியா இறங்கும், அதனாலதான் அந்த ரகத்தை விடாமப் பிடிச்சு வச்சிருக்காங்களாம். விளைச்சல் குறையறதைக் கொண்டாடுற விவசாயியை அன்னைக்குத்தான் பார்த்தேன். குடிக்கிற பொருளா பார்க்காம பயிரா பார்த்தா அங்கே ஒரு நாள் போதாது.

இன்னொண்ணு, பறவை. சில்வர்ஐன்னு கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட குட்டிக் குருவி. நம்மூர்ல மாவுக்குக் கிளி எப்படியோ அதுக்கு மேல. பழத்துல ஓட்டை போடும், அந்த ஓட்டையில அழுகல் பிடிக்கும். டாக்டர் கல்லிட்டியோட முதல் அறுவடை பறவையாலயும் அழுகலாலயும்தான் வீணாச்சாம். விரட்ட வல்லூறு ஒண்ணு கொண்டுவந்து விட்டாராம், அது பாட்டுக்குப் பறந்தே போயிடுச்சு. அந்த வல்லூறு இன்னைக்கும் அவங்க பாட்டில் லேபிள்ல இருக்கு. இப்போ வரிசை வரிசையா வெள்ளை வலை போர்த்தியிருக்காங்க. மார்ரின்னு அங்கே ஒரு மரம், யூகலிப்டஸ் சொந்தம். அது நல்லாப் பூக்கிற வருஷம் குருவி தேனுக்குப் போயிடும், திராட்சை தப்பிக்கும். பூக்காத வருஷம் விவசாயி கண்ணு முழுக்க வானத்துலதான். அதனால தோட்டத்தோரத்து மார்ரி மரத்தை யாரும் வெட்ட மாட்டேங்கறாங்க.

ஆரணிப் பட்டு

சரி, இது மகாபலிபுரத்துல கிடைக்காதுதான். ஒத்துக்கறேன்.

அகழிக்கரை

தம்பி, மாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மே மாதம் வேண்டாம். நமக்கு அக்னி நட்சத்திரம், அங்கே குளிர் ஆரம்பம். மே கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். அறுவடையும் முடிந்திருக்கும், தோட்டத்தில் பழுத்த இலைதான் மிச்சம். கடல் தண்ணீரும் குளிர ஆரம்பித்துவிடும். வேலூர் வெயிலுக்குத் தப்பித்தால் போதும் என்றால் போகலாம், அவ்வளவுதான்.

பெர்த் வாழ் குடியாத்தம்

அம்மா சொல்றது சரி. காலாண்டு லீவுல வந்தா வசந்தம். காட்டுப்பூ பூத்திருக்கும், கொடியில புதுத்தளிர் விட்டிருக்கும். எல்லாத்துக்கும் மேல திமிங்கலம். செப்டம்பர்லேருந்து டிசம்பர் வரைக்கும் கூன்முதுகுத் திமிங்கலங்க குட்டியோட தெற்கே திரும்புற வழியில ஜியோகிராஃப் விரிகுடாவுல ஓய்வெடுக்கும். நீலத் திமிங்கலமும் வரும், அதுக்கு அதிர்ஷ்டம் வேணும். பக்கத்துல டன்ஸ்பரோங்கற ஊர்லேருந்து படகு போகுது. நேச்சுரலிஸ்ட் முனைப் பக்கம் கரையில நின்னாலே தெரியும், பைனாகுலர் எடுத்துக்குங்க. அப்பாவுக்குப் படகு ஆகாதுன்னா இதுவே போதும்.

ஆனா கடல் தண்ணி அப்பவும் ஜில்லுனுதான் இருக்கும். பசங்க இறங்கிடுவாங்க, பெரியவங்க கரையோட சரி. நீந்தணும்னா டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும்தான்.

எப்போ வரக்கூடாதுன்னும் கேளுங்க. நவம்பர் கடைசியில பன்னிரண்டாம் வகுப்பு முடிச்ச பிள்ளைங்க மொத்தமா டன்ஸ்பரோவுல வந்து கொட்டமடிக்கும். உங்க மாமியார் பயப்படுற காட்சி எங்கேயாவது இருக்குன்னா அது அந்த வாரம்தான். டிசம்பர் ஆரம்பத்துல பஸ்ஸல்டன்ல அயர்ன்மேன்னு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த போட்டி, ரூம் கிடைக்காது, ரோடும் அடைப்பு. கிறிஸ்துமஸ்லேருந்து ஜனவரி கடைசி வரை வாடகை எகிறும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதியில இந்த ஊர்ப் பள்ளிக்கும் லீவுங்கறதால காலாண்டு லீவுலயும் கூட்டம் இருக்கும். வீட்டை இப்பவே பிடிங்க.

காட்பாடி சிக்னல்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். எங்கே தங்கறது? தங்கச்சி பஸ்ஸல்டன்கறா, அவ வீட்டுக்காரர் மார்கரெட் ரிவர் ஊருக்குள்ளயேங்கறார்.

மேல்விஷாரம் பாய்

பஸ்ஸல்டன். மார்கரெட் ரிவர் ஊர் கடலோரத்தில் இல்லை, கடலுக்கு அங்கிருந்தும் வண்டியில்தான் போக வேண்டும். ஊரில் கடைத்தெரு ஒன்று, மற்றதெல்லாம் சுற்றுவட்டாரத்தில்.

வெள்ளைக்கோட்டு

நான் மாற்றிச் சொல்வேன். தெற்கே பார்க்க வேண்டியது அதிகம் என்றால் ஓரிரவாவது மார்கரெட் ரிவரில் தங்குவது அலைச்சலைக் குறைக்கும். பஸ்ஸல்டனிலிருந்து ஒரே நாளில் தெற்குக் கோடியில் உள்ள லூவின் முனை வரை போய்த் திரும்பினால் வயதானவர்கள் காரிலேயே களைத்துவிடுவார்கள்.

லூவின் முனையில் 1896இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் இருக்கிறது, 39 மீட்டர். இந்தியப் பெருங்கடலும் தென் பெருங்கடலும் சேருமிடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரியில் 'இதோ இந்த நிறம் வங்கக்கடல், அந்த நிறம் அரபிக்கடல்' என்று காட்டுவார்களே, அந்த மாதிரி கோடு எதுவும் கிடையாது. காற்று மட்டும் நிஜம். அம்மாவுக்குக் காதை மூடுகிற மாதிரி ஸ்கார்ஃப் வேண்டும்.

வழியில் போரனப் காடு. காரி மரங்கள், 60 மீட்டர் வரை ஒரே நேராக. நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒட்ட வெட்டி விற்ற காடு, பிறகு தானாக வளர்ந்தது. மரம் இல்லாத மலையைப் பார்த்தே வளர்ந்த நமக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

குகைகள் பல இருக்கின்றன, எல்லாம் சுண்ணாம்புப் பாறை. லேக் குகைக்கு முந்நூறுக்கு மேல் படி, அம்மாவை அழைத்துப்போக வேண்டாம். மாமத் குகையின் முதல் பகுதி சக்கர நாற்காலியே போகிற அளவுக்குச் சமதளம், அது போதும்.

பெர்த் வாழ் குடியாத்தம்

மேற்குக் கடற்கரை பத்தி ஒரு எச்சரிக்கை. யாலிங்கப், ப்ரெவெல்லி எல்லாம் பார்க்க அழகு. உலகத்தரமான சர்ஃபிங் போட்டி நடக்கிற அலை. பஸ்ஸல்டன்ல பழகின தைரியத்துல பசங்க அங்கே இறங்கினா இழுத்துக்கிட்டுப் போயிடும். பாறை மேல நின்னு படம் எடுக்கிறதும் வேண்டாம், திடீர்னு ஒரு பெரிய அலை வந்து அடிக்கும். குளிக்கணும்னா டன்ஸ்பரோ பக்கத்து மீலப் கடற்கரை, அது விரிகுடாவைப் பார்த்தது.

பசங்களுக்குன்னு கேட்டா, போற வழியில கவராமப்னு ஒரு ஊர். பால்பண்ணை ஊர். தெரு முழுக்க நிஜ மாடு அளவுக்குக் கறுப்பு வெள்ளை மாட்டுச் சிலையா நிக்கும். காரை விட்டு இறங்க வைக்க வேற எதுவும் வேணாம்.

ஒன்றரை ஏக்கர்

அந்தக் கவராமப் சுத்துவட்டாரம்தான் முதல்ல கொடி நட்ட வில்யாப்ரப். அப்பாவை அங்கே இறக்கி விட்டுடுங்க. கேவ்ஸ் ரோடு நெடுக தோட்டம்தான். சில இடத்துல முன்கூட்டிச் சொன்னா தோட்டத்துக்குள்ள நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவாங்க. கல்லன் தோட்டத்துல ரசாயன உரம் போடறதில்லை. பயோடைனமிக்னு, மாட்டுக் கொம்புக்குள்ள சாணம் அடைச்சுப் புதைச்சு எடுக்கிற உரமுறை. பஞ்சகவ்யம் ஊத்துற நமக்கு அது ஒண்ணும் புதுசா இருக்காது. அப்பா நல்லா நாலு கேள்வி கேப்பார்.

பாலாத்து மணல்

யோவ், எல்லாம் சரி. குடிக்கறவன் ஒருத்தனாவது இந்த இழைல பேசக் கூடாதா? தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு வழி சொல்லுங்கபா, பாவம்.

பெர்த் வாழ் குடியாத்தம்

அவருக்கு நான் சொல்றேன். கேபர்னே சாவினான்ங்கற சிவப்பு வைன் திராட்சை, ஷார்டனே ரெண்டுக்கும்தான் இந்த ஊர் பேர் வாங்கினது. நாட்டோட மொத்த வைன்ல இந்த ஊரோட பங்கு ரெண்டு மூணு சதவீதம்தான், ஆனா விலை உயர்ந்த பாட்டில்னு எடுத்தா கணக்கே வேற. ருசி பார்க்கச் சின்னதா ஊத்துவாங்க, துப்பறதுக்கு ஒரு பாத்திரமும் வச்சிருப்பாங்க. துப்பினா அவமரியாதை இல்லை. அன்னைக்கு ஸ்டியரிங்கைத் தங்கச்சி பிடிக்கட்டும். ஊருக்கு எடுத்துப் போறதா இருந்தா ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் இந்தியாவுல வரி இல்லை. யாருக்கு எடுத்துப் போறதுங்கறது உங்க குடும்ப விவகாரம்.

காட்பாடி சிக்னல்

முடிவு பண்ணியாச்சு. காலாண்டு லீவு. பஸ்ஸல்டன்ல ஜெட்டிக்குப் பக்கமா சமையலறையோட வீடு, நடுவுல ஒரு ராத்திரி மட்டும் மார்கரெட் ரிவர். மாமியாருக்கு ஜெட்டி ரயில் படமும் திமிங்கலப் படமும் காட்டினேன். பாட்டில் இல்லாத படமா பார்த்துத்தான் காட்டினேன். இப்போ, "நான் வந்தா விசா எவ்ளோ ஆகும்"னு கேக்கறாங்க.

அப்பா இந்த இழையை வீட்டுக்காரியை விட்டு முழுசா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். திமிங்கலம், குகை எதுக்கும் வாயே திறக்கலை. "அந்தக் குருவிக்கு வலை போடறாங்களே, ஏக்கருக்கு எவ்ளோ ஆகும், எத்தனை வருஷம் தாங்கும்? அதை முதல்ல கேளு"ங்கறார்.

ஒன்றரை ஏக்கர்

கேக்க வேண்டிய கேள்வி. அப்பாவையே நேர்ல கேட்டு வரச் சொல்லுங்க. வலைக் கண்ணி எவ்ளோ அகலம்னும் சேர்த்துக் கேக்கச் சொல்லுங்க, இங்கே சப்போட்டாவுக்கு வவ்வால் தொல்லை தாங்கலை.